பயக்காப்பு

அன்று காலை சுபேதார் மாசிலாமணி வந்து உட்காரும்போதே மேசையில் மூன்று சிவப்புகள் காத்திருந்தன. இரண்டு பேர் பழைய புள்ளிகள். குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சட்டி பானையை உடைக்கிறவர்கள். அவர்களுடைய துப்பாக்கிகள் பூட்டிக்கொண்டதற்காக யாரும் கண்ணீர் விடப் போவதில்லை. மூன்றாவது பெயரைப் பார்த்ததும் மாசிலாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். நாயக் பூவரசன் என்றுதான் இருந்தது.

"தப்பா வந்திருக்குமோ?" என்றார்.

"மெஷின் தப்புப் பண்ணாது சாப். மனுசன்தான் பண்ணுவான்" என்றான் ஹவில்தார் கோதண்டம். பட்டாளத்தில் சுபேதாரைச் சாப் என்றுதான் கூப்பிடுவார்கள். கோதண்டம் ஆறு வருடமாக இந்தத் துப்பாக்கிப் பதிவுக் கவுன்டரில் இருக்கிறான். எதற்கும் ஆச்சரியப்படுவதை எப்போதோ நிறுத்திவிட்டான். "தொடர்ந்து பத்தொன்பது நாள். தினமும் சாயங்காலம் ஆறே முக்காலுக்குச் சிவப்பு. அவன் வீட்டுக்குப் போற நேரம். அமுக்கமா இருக்கிறவன்தான் சாப் அதிகமா அடிப்பான்."

மாசிலாமணி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருந்தது. முழங்கால் வலித்தது. யாருடைய வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கிற தெம்பு அவரிடம் மிச்சமில்லை. ஆனால் எட்டிப் பார்ப்பதுதான் அவருடைய வேலை.

விடுப்பில் ஊருக்குப் போன சிப்பாய்களை வழிமறித்துத் தாக்கிய காலம் ஒன்று இருந்தது. அப்போதுதான் பணி நேரம் போகவும் சொந்தத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று விதி வந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் வழிமறித்தவர்களைச் சுட்டதைவிட வீட்டில் இருந்தவர்களைச் சுட்டதே அதிகம். மேலே இருக்கிறவர்கள் விழித்துக்கொண்டு இன்னொரு விதி போட்டார்கள். துப்பாக்கி இருக்கும் பெட்டிக்கு ஒரு ஜோடி உண்டு. வீட்டில் ஒருவர் கையில், பெரும்பாலும் மனைவி கையில், போடும் ஒரு காப்பு. அவருக்குப் பயம் வந்தால் காப்பின் பொட்டு சிவப்பாகும், பெட்டி பூட்டிக்கொள்ளும்; மற்றபடி பச்சை. அரசாங்கம் அதற்கு இணக்கக் காப்பு என்று பெயர் வைத்தது. குடியிருப்பில் எல்லோரும் பயக்காப்பு என்றார்கள்.

பூவரசனின் மனைவி செண்பகவல்லி பதினோரு மணிக்கு வந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, காப்பு தெரியாமல் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். அவள் தலைக்கு மேலே சுவரில் ஒரு பித்தளைத் தகடு தொங்கியது. 'பதினோரு ஆண்டுகள் இடைவிடாத பச்சை: சுபேதார் மாசிலாமணி, திருமதி லில்லி புஷ்பம்.' புதிதாகக் கல்யாணமாகி வரும் ஜோடிகளுக்கு அதைக் காட்டித்தான் பாடம் எடுப்பார்கள்.

"பயப்படாதம்மா" என்று ஆரம்பித்த மாசிலாமணி, இந்த இடத்தில் அது எவ்வளவு அசட்டுப் பேச்சு என்று உணர்ந்து நிறுத்தினார். "அடிக்கானா?"

"இல்ல சார்."

"கையை ஓங்குவானா? கெட்ட வார்த்தை?"

"வாடின்னு கூட கூப்ட்டதில்ல சார்." அவள் குழந்தையின் வாயிலிருந்து விரலை எடுத்து விட்டாள். "இந்தக் காப்பு உள்ள என்னத்தப் பாக்குது சார்? மனசுல நெனைக்கிறது தெரியுமா அதுக்கு?"

"நினைக்கதெல்லாம் தெரியாது. நாடித்துடிப்பு, வேர்வை, ரத்தத்துல ஏறுத சூடு, இதைத்தான் பாக்கும். அவன் பக்கத்துல வரும்போது, அவனைப் பத்திப் பேசும்போது உன் உடம்பு எப்படி இருக்குன்னு நாப்பது நாள் படிச்சு வச்சுக்கிடும். அப்புறம் உனக்குப் பயம் வந்தா பெட்டி பூட்டிக்கிடும். அவ்வளவுதான்."

"எதுக்குப் பயம்னு தெரியாதா?"

"அது தெரியாது. அதைக் கேக்கத்தான் என்னை உக்கார வச்சிருக்காங்க."

அவள் குழந்தையை மடியில் மாற்றி உட்கார வைத்தாள். "எதிர் வீட்டு அக்கா ஒரு மாத்திர குடுத்தாங்க. இதயத்த மெதுவா அடிக்க வைக்குமாம். அவரு வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி போட்டுக்கினா பச்சை வந்துடும், எங்க லைன்ல பாதிப் பேர் போடுறாங்கன்னு சொன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"பெட்டி பூட்டிக்கினு இருந்தாத்தான் சார் எனக்குத் தூக்கம் வருது."

அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. கிடங்கிலிருந்து தோட்டா திருடி விற்ற ஐந்து பேருக்கு எதிராகப் பூவரசன் சாட்சி சொன்னது ஊரறிந்த விஷயம். நான்கு பேரைப் பட்டாளத்தை விட்டு அனுப்பிவிட்டார்கள். அதில் இரண்டு பேர் அவன் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். ஊருக்குள் கால் வைத்துப் பார் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஐந்தாவது ஆள் பூவரசனோடு ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்தவன், ஒரே தட்டில் சாப்பிட்டவன். தீர்ப்பு வந்த வாரமே அவன் உயிரை மாய்த்துக்கொண்டான்.

"அன்னையிலருந்து இப்பிடித்தான் சார். வருவாரு. கை கால் கழுவுவாரு. உள்ள போயி பெட்டி முன்னாடி தரையில உக்காருவாரு. தொடைக்கிறேன்னு சொல்லுவாரு. துணியும் இருக்காது, எண்ணெயும் இருக்காது. சும்மா உக்காந்துக்கினு இருப்பாரு. போன வாரம் என்னக் கூப்ட்டு எந்த ஃபைல்ல எந்தப் பேப்பர் இருக்குதுன்னு ஒண்ணொண்ணாக் காட்னாரு. எதுக்குன்னு கேட்டேன். தெரிஞ்சு வச்சுக்கோன்னாரு." அவளுடைய குரல் அங்கேதான் உடைந்தது. "அவரு எங்கள ஒண்ணும் பண்ண மாட்டாரு சார். அவர அவரே எதுனா பண்ணிக்குவாரோன்னுதான்... வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்குப் பயம் வந்துடுது."

மாசிலாமணி எழுபத்தொன்றாம் படிவத்தைத் திரையில் திறந்தார். முதல் பத்து வரி பெயரும் எண்ணும். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: ஆயுதம் வைத்திருப்பவரால் இவருக்கு அச்சம் உண்டா? ஆம், இல்லை. வேறு எதையும் எழுத இடமில்லை. இல்லை என்று போட்டால் துப்பாக்கி இன்றைக்கே பூவரசன் கைக்குப் போகும். ஆம் என்று போட்டால் பெண்டாட்டியை மிரட்டுகிறவன் என்று அவன் கோப்பில் ஏறும். பதவி உயர்வு கிடையாது, குடும்பக் குடியிருப்பு போய்விடும். விதியை எழுதிய மகராசனுக்கு மனிதன் இரண்டு கட்டத்துக்குள் அடங்கிவிடுவான் என்று அவ்வளவு நம்பிக்கை.

"இதைச் சொல்லி நான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க சார். ஆனா வெள்ளிக்கெழம அவங்கப்பாவுக்கு வருசத் தெவசம். ஒரே புள்ள. ஊரு ஏரிக்கரையில அவருதான் செய்யணும். அதையும் தடுத்துட்டீங்கன்னா அவரு மொத்தமா முடிஞ்சுருவாரு. தெவசம் முடிச்சு வரட்டும், நானே சொல்லிக் கூட்டினு வரேன்." பிறகு திரையைக் காட்டினாள். "நீங்க ஆமான்னே போடுங்க. ஊரு என்னா வேணாப் பேசட்டும். நான் சொன்னேன்னு மட்டும் அவரு கிட்ட சொல்லாதீங்க. தன் நெலம வெளிய தெரிஞ்சு போச்சுன்னு குறுகிப் போயிடுவாரு."

"சொல்ல மாட்டேம்மா" என்று மாசிலாமணி 'ஆம்' மீது விரலை வைத்தார். விரல் கனத்தது.

பூவரசன் சாயங்காலம் வந்தான். காலித் துப்பாக்கி உறையை மேசையில் வைத்துவிட்டு விறைப்பாக நின்றான். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

"அவளத் தொட்டது கூட இல்ல சாப்."

"தெரியும்டே."

"தெரிஞ்சுமா போட்டீங்க?" அவன் குரல் ஏறவில்லை, அதுதான் மாசிலாமணிக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. "எவன் எவனோ என்னக் கண்டு பயப்படுறான், போவட்டும். என் பொண்டாட்டி பயப்படுறாளாம். அதான் சாப் தாங்கல. நாளன்னிக்கு ஏரிக்கரையில நிக்கணும். நான் எப்ப, எங்க நிப்பேன்னு அவனுங்களுக்குத் தேதியோட தெரியும். சரி, வெறுங்கையோட போறேன். நடக்கிறது நடக்கட்டும்."

நடக்கிறது நடக்கட்டும் என்று அவன் சொன்ன விதம் மாசிலாமணிக்குப் பிடிக்கவில்லை. அதில் ஒரு விருப்பம் தெரிந்தது. உண்மையைச் சொல்லச் செண்பகவல்லிக்குக் கொடுத்த வாக்கு விடவில்லை. வேறு வழி தெரியாமல், "நான் கூட வாரேன்" என்றார்.

"நீங்களா?"

"எனக்கு லீவு அழுகிக் கிடக்கு. என் துப்பாக்கியையும் எடுத்துக்கிடுதேன். தெவசம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் திரும்புதோம், திரும்பினதும் நீ என்கூட டாக்டர்கிட்ட வாரே. ஏன் எதுக்குன்னு கேக்கப்படாது. சரியா?"

பூவரசன் அவரையே பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். மறுக்கிற அளவுக்கு அவனிடம் பலம் இல்லை.

வீட்டுக்குப் போனபோது லில்லி புஷ்பம் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் உள்ளே வந்ததற்கு அவள் தலை நிமிரவில்லை. மணிக்கட்டில் காப்பின் பொட்டு பச்சையாக மினுங்கியது. பதினோரு வருடமாக அந்தப் பச்சையைப் பார்த்துப் பெருமைப்பட்டவர், இன்றைக்கு அதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார்.

"லில்லி, என்னை நினைச்சு உனக்குப் பயமே வந்தது இல்லையா?"

"என்ன கேள்வி இது? வாரீங்க, சாப்பிடுதீங்க, நியூஸ் பாக்கீங்க, தூங்குதீங்க. இதுல பயப்பட என்ன இருக்கு?"

"முன்னாடி?"

கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே அவள் யோசித்தாள். "எல்லையில இருந்தப்ப வரும். போன் அடிச்சாலே வரும். எப்ப வருவீங்க, எப்ப வருவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பேன். நீங்களும் தெரியாது, தெரியாதுன்னே சொல்லுவீங்க. அப்புறம் கேக்கதை விட்டுட்டேன். பயமும் அதோட போயிட்டு. ஏன், காப்புல ஏதும் கோளாறா?"

"ஒரு கோளாறும் இல்லை" என்றார். அவருக்கு அழுகை வரும்போல இருந்தது. ஐம்பது வயதில் இதற்கெல்லாம் அழுவார்களா என்று தன்னையே அதட்டிக்கொண்டு கை கழுவப் போனார். செண்பகவல்லியின் பத்தொன்பது சிவப்புகளை நினைத்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு ஒருத்தி நடுங்குகிறாள். இன்னொருத்தி கீரை ஆய்கிறாள். இரண்டாவது வீட்டுக்குத்தான் பித்தளைத் தகடு.

வியாழக்கிழமை காலை, தோசைக்குக் காத்திருக்கும்போது விஷயத்தைச் சொன்னார். மிரட்டலையும் மறைக்கவில்லை. ஏரிக்கரையில் அந்தப் பயல்கள் வரலாம், வந்தால் நான் நடுவில் நிற்கவேண்டியிருக்கும் என்றார்.

லில்லி தோசையைத் திருப்பிப் போட்டாள். "மழை வரும்போல இருக்கு. குடையை எடுத்துட்டுப் போங்க" என்றாள். அவ்வளவுதான். அடுத்த தோசைக்கு மாவை ஊற்றினாள், அதுவும் வட்டமாகவே வந்தது. அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்த மாசிலாமணி, ஒன்றும் தெரியாமல் சாப்பிட்டு எழுந்தார்.

ஊர் எல்லையைத் தாண்டித் துப்பாக்கி கொண்டுபோவதென்றால் அவரும் கவுன்டரில் பெட்டியை வைத்துப் பதிவு செய்தாகவேண்டும். காப்பின் கடைசிப் பன்னிரண்டு மணி நேரத்தைப் படித்துவிட்டு இயந்திரம் பெட்டியைத் திறந்து கொடுக்கும். கோதண்டம் வழக்கம்போலப் பெட்டியை வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டான். பாதிக் கொட்டாவியில் அவன் வாய் அப்படியே நின்றது.

"சாப். திறக்கல."

"மறுபடி வை."

மறுபடி வைத்தான். விளக்கு சிவப்பாகவே எரிந்தது. கோதண்டம் திரையைத் திருப்பிக் காட்டினான். நீளமான பச்சைக் கோடு. அதன் கடைசியில், காலை ஏழு பன்னிரண்டுக்குக் கோடு விறுவிறுவென்று மேலே ஏறி, இதுவரை இறங்காமல் நின்றது. ஏழு பன்னிரண்டுக்குத்தான் அவர் சொன்னார். அவள் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

மாசிலாமணி மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்கெல்லாம் கவலைப்படாதீங்க சாப்" என்று கோதண்டம் குரலைத் தாழ்த்தினான். "அதிகாரி நீங்கதான். எழுபத்தொண்ணத் திறந்து 'இல்லை'ன்னு நீங்களே போட்டுக்கங்க. சொந்தக் கேஸுக்குப் போடக்கூடாதுன்னு எங்கயும் எழுதல. இத்தன வருசத்துல தேவைப்பட்டது இல்ல, அதான். ரெண்டு நிமிசம். பெட்டி திறந்துக்கும், தகடும் சுவத்துல இருக்கும்."

படிவம் திறந்தது. 'லில்லி புஷ்பம், மனைவி' என்று மேலே. ஆயுதம் வைத்திருப்பவரால் இவருக்கு அச்சம் உண்டா? வெளியே பூவரசன் பையோடு நின்றுகொண்டிருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. அவனுக்காகவாவது துப்பாக்கி வேண்டும். இல்லை என்று போடுவதுதான் புத்திசாலித்தனம். மாசிலாமணியின் விரல் அங்கேதான் போனது. ஆனால் லில்லியின் பெயருக்குக் கீழே, இன்றைக்குப் பார்த்து, அப்படி ஒரு பொய்யை எழுத அவரால் முடியவில்லை. அவள் அந்தப் பயத்தைப் பதினோரு வருடத்துக்குப் பிறகு திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

'ஆம்' என்று போட்டார்.

"சாப்!" என்று கத்திவிட்டான் கோதண்டம். "நாலு மாசத்துல ரிட்டயர்மென்ட். பென்ஷன் ஃபைல்ல பொண்டாட்டிய மிரட்டுனவன்னு ஏறும்!"

"ஏறட்டும். அந்தத் தகட்டையும் கழட்டிரு" என்றார் மாசிலாமணி. காலி உறையை மட்டும் எடுத்துச் சட்டைக்கு அடியில் இடுப்பில் செருகினார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

பேருந்து முகாம் இருந்த மலையை விட்டு இறங்கியது. அடிவாரத்தில் வெயில் பட்டதும், "என் பெட்டியும் திறக்கலடே" என்றார்.

பூவரசன் திரும்பினான். மூன்று வாரத்துக்குப் பிறகு அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ எட்டிப் பார்த்தது. "அக்காவுக்கு உங்களப் பாத்துப் பயமா சாப்?"

"என்னைப் பாத்து ஒரு பூனை கூடப் பயப்படாது." மாசிலாமணி முன் இருக்கைக் கம்பியைப் பார்த்தபடி சொன்னார். "காலையில சொன்னேன், இந்த மாதிரி, அவன்கூட ஏரிக்கரைக்குப் போறேன், அந்தப் பயலுவ வரலாம்னு. குடையை எடுத்துட்டுப் போங்கன்னா. முகத்துல ஒரு மாத்தமும் இல்லை. உள்ள மட்டும் அப்படி அடிச்சிருக்கு. நான் திரும்பி வரணும்னு அடிச்சிருக்கு. மெஷினுக்கு அதெல்லாம் பிரிச்சுப் பாக்கத் தெரியாதுடே. சிவப்புன்னா சிவப்பு."

பூவரசனின் சிரிப்பு நின்றது. அவன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வண்டி இரண்டு நிறுத்தம் தாண்டிவிட்டது.

"அப்போ... செண்பகம்..."

மாசிலாமணி வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் பதில் சொல்லாமல் குடையை மடியில் நேராக வைத்துக்கொண்டார். பூவரசன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் முதுகு குலுங்குவதைப் பக்கத்துச் சீட்டுக்காரர் பார்த்ததும், மாசிலாமணி அவரை முறைத்து வேறு பக்கம் பார்க்க வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துப் பூவரசன் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினான். "தெவசம் முடிஞ்சதும் வந்துடுவேன் செண்பகம்" என்று மட்டும்தான் காதில் விழுந்தது. அதையே இரண்டு தடவை சொன்னான்.

மறுநாள் காலை ஏரிக்கரையில் தூறல். பூவரசன் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பிண்டத்தைக் கரைத்துக்கொண்டிருந்தபோது, ஏரிக்கரை மேட்டில் ஒரு பைக் வந்து நின்றது. இரண்டு பேர். ஒருவன் இறங்கினான். மாசிலாமணி குடையை மடக்கி இடது கைக்கு மாற்றிக்கொண்டு, பூவரசனுக்கும் அவர்களுக்கும் நடுவில் போய் நின்றார். சட்டை நனைந்து இடுப்பில் உறையின் மேடு தெரிந்தது. வலது கையை அதன் மேல் வைத்தார். உள்ளே ஒன்றும் இல்லை என்பது அங்கே அவருக்கும் பூவரசனுக்கும்தான் தெரியும். ஓடிப்போக வேண்டும் என்று முழங்கால் சொன்னது, ஆனால் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஓடவும் முடியாது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று தெரியவில்லை. இறங்கினவன் எச்சிலைத் துப்பினான். மறுபடி வண்டியில் ஏறினான். பைக் வந்த வழியே திரும்பிப் போனது.

பூவரசன் ஈர வேட்டியோடு கரையேறி வந்து அவர் பக்கத்தில் நின்றான். மாசிலாமணி குடையை விரித்து அவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார். "டாக்டர் பாக்கணும்னு சொன்னீங்களே சாப்" என்றான் பூவரசன். "நாளைக்கே போலாம்."

அப்போது போன் அடித்தது. லில்லி புஷ்பம். அவர் விடுப்பிலோ வேலையிலோ வெளியே போயிருக்கும்போது அவள் அழைத்துப் பல வருடம் ஆகிறது. எடுத்துக் காதில் வைத்தார். மறுபக்கத்தில் குக்கர் சத்தம் கேட்டது.

"எப்ப வருவீங்க?" என்றாள்.